கைவர்க்கம்

பாடப்புத்தகத்தில் அதற்குக் கைவர்க்கச் சோதனை என்று பெயர்.
கை என்பது ஏதோ கிரேக்க எழுத்து,
வர்க்கம் என்றால் தன்னைத் தானே பெருக்கிக்கொள்வது.
காட்பாடிக் கல்லூரியில் இதற்கு மேல் யாரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

ஆம்பூரில் அறுநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்.
கம்பெனி வேன் இறக்கிவிடும் ஆறரைக்கும்
வீட்டில் உலை வைக்கும் நேரத்துக்கும் நடுவில்
தெருவில் நின்றபடி நிரப்பியவை.
சிலவற்றின் மூலையில் பசை ஒட்டியிருக்கிறது.

எர்னஸ்ட் தேவநேசன், சுண்ணாம்புத் தொட்டி, வயது ஐம்பத்தொன்று.
சாதிக் கட்டத்துக்கும் மதக் கட்டத்துக்கும் நடுவே
என் பேனா நின்றது.
"எதுல கூலி கூடுமோ அதுல போடும்மா."
விரல் நீட்டினார். நகம் இருந்த இடம் வெள்ளையாய் இருந்தது.
எந்தக் கட்டத்தையும் தொடவில்லை.

ரிஃபத் ஆரா, மேல்பாகத் தையல், ஒன்பது வருடம்.
கேள்வி பதினான்கு:
மேற்பார்வைப் பணிக்கு விண்ணப்பித்ததுண்டா?
சிரித்தாள்.
"அந்தச் சேருக்கு முதுகு இருக்கு. எங்க ஸ்டூலுக்கு இல்ல.
அத எழுதுங்க."
முதுகுக்குக் குறியீட்டு எண் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்,
கணினி ஓரங்களைப் படிக்காது என்று தெரிந்தே.

வேலூர் தோட்டப்பாளையத்து அறையில்
மின்விசிறி தாள்களைக் கிளப்பக் கிளப்ப
வரிசையின் கூட்டுத்தொகையை நிரலின் கூட்டுத்தொகையால் பெருக்கி
மொத்தத்தால் வகுத்தேன்.
நூற்று நாற்பத்தெட்டு முஸ்லிம் பெண்கள்.
முதுகுள்ள நாற்காலிகள் பதினெட்டு.
பிறப்புக்கும் வேலைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றால்
நாலு புள்ளி மூன்று ஐந்து பேர்
அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.
இருந்தது பூஜ்யம்.

அந்த நாலு பேரையும் எனக்குத் தெரியும் போலிருந்தது.
ஒருத்தி துப்பட்டா முனையால் கண்ணாடியைத் துடைக்கிறாள்.
ஒருத்தி தோலை வெளிச்சத்தில் பிடித்து, இது வேண்டாம் என்கிறாள்,
அதை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.
ஒருத்தி பையனுக்குக் காய்ச்சலென்று மூன்று மணிக்கே கிளம்புகிறாள்,
யாரும் சம்பளத்தைப் பிடிப்பதில்லை.
நாலாமவள் ஒன்றும் செய்யவில்லை. சாய்ந்திருக்கிறாள்.
மீதி புள்ளி மூன்று ஐந்து
கதவருகே, ஒரு செருப்பைக் கழற்றியபடி.

எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஐந்துக்குக் குறைந்தால்
பக்கத்துக் கட்டத்தோடு சேர்க்க வேண்டும். விதி.
"சேர்த்துடுங்க மேடம்," என்றார் போனில் திட்ட அலுவலர் குணாளன்.
"மேற்பார்வை, செக்கிங், பேக்கிங், எல்லாத்தையும் 'பிற'ன்னு போடுங்க."
சேர்த்தேன்.
பேக்கிங் மேசையிலிருந்து முப்பத்தொரு பெண்கள் எழுந்து வந்து
அந்தப் பூஜ்யத்தின் மேல் நின்றார்கள்.
எதிர்பார்த்தது முப்பது புள்ளி ஒன்பது ஐந்து.
இருந்தது முப்பத்தொன்று.
இவ்வளவு அழகான பொருத்தத்தை என் வாழ்நாளில் கண்டதில்லை.
இன்மைக் கருதுகோளை மறுக்க ஆதாரமில்லை என்றது திரை.

இன்மை.
இல்லாதது என்றும் பொருள், வறுமை என்றும் பொருள்.
இரவு ஒன்றரைக்கு, பதினெட்டு வருடம் கழித்து,
அந்தச் சோதனையின் பெயரையும்
தமிழாகப் படித்தேன்.
கை.
வர்க்கம்.

தலைகீழாக வகுத்துப் பார்த்தேன்.
விகிதம் மாறாதிருந்தால்
நாலு புள்ளி மூன்று ஐந்து ஐந்தாவதற்கு
மொத்தம் எழுநூற்று மூன்று பேர் வேண்டும்.
இன்னும் தொண்ணூற்றொருவர்.
இல்லாத ஐந்து பேரை இல்லை என்று சொல்ல
இருக்கிற தொண்ணூற்றொரு பேர் கதவைத் திறக்க வேண்டும்.

வேண்டியது கிடைக்கும்வரை எண்ணிக்கொண்டே போவது முறையல்ல என்று
அதே புத்தகம் பின்னால் எங்கோ சொல்கிறது.
தெரியும். அறிக்கையில் அதையும் எழுதுவேன்.

பேரணாம்பட்டு பஸ் காலை ஐந்து நாற்பதுக்கு.
புதுப் படிவக் கட்டில்
ஒவ்வொன்றாய், பதினான்காம் கேள்விக்குக் கீழே,
கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்:

14 அ. நீங்கள் உட்காரும் இருக்கைக்கு முதுகு உண்டா?
ஆம் 1. இல்லை 2.